மதிலில் ஆடிய பச்சைப் போர்வை

அப்பாவைக் கோட்டைக்குக் கூட்டிப்போனது பாசத்தினால் அல்ல, அக்காவோடு சண்டை போட்ட வீம்பினால். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னை நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அக்கா ஒரு காப்பகம் பார்த்து வைத்திருந்தாள். மறதி முற்றிப்போன பெரியவர்களுக்கென்றே நடத்துகிறார்களாம். தோட்டம் உண்டு, வாசலுக்குப் பூட்டு உண்டு, எந்நேரமும் பக்கத்தில் ஆள் உண்டு. ஒரே ஒரு அறைதான் காலி, திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாள்.

"உன்னால முடியலடா, ஒத்துக்கோ. நீ வேலைக்குப் போனப்புறம் பக்கத்து வீட்டு அம்மாதானே பாத்துக்கறாங்க? அவங்களும் எத்தனை நாளைக்குத்தான் பாப்பாங்க?"

நான் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தேன். "நான் இருக்கிற வரைக்கும் அப்பா என்கூடத்தான். வேணும்னா பாரு, இந்த வாரம் ஃப்ரெண்ட்ஸோட டூர் போறேன். அவரையும் கூட்டிட்டுப் போய் ராஜா மாதிரி வச்சுக் கூட்டிட்டு வரேன்."

அப்பாவின் கையில் கட்டச் சொல்லி, பெயரும் போன் நம்பரும் பொறித்த பட்டை ஒன்றையும் அவள் கொடுத்தாள். "அப்பா என்ன தொலைஞ்சு போற சூட்கேஸா?" என்று அதை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

ஆண்டுக்கு ஒருமுறை நாங்கள் மூன்று நண்பர்கள் எங்கேயாவது கிளம்பிவிடுவோம். மூவருக்குமே ரயில்தான் சோறு போடுகிறது. மாஸ்டர் ஒரு சின்ன ஸ்டேஷனில் ஸ்டேஷன் மாஸ்டர். அவன் வாழ்நாளில் நின்ற வண்டிகளைவிட நிற்காமல் போன வண்டிகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறான். ஒட்டகம் இன்ஜின் டிரைவர். கழுத்து நீளம், அதனால் அந்தப் பெயர். நான் பணிமனையில் பெட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து பிரேக் பார்க்கிறவன். அப்பாவும் ரயில்வேதான். கூட்ஸ் வண்டியில் கார்டு. வண்டியின் கடைசிப் பெட்டியில் தனி ஆளாக நின்று, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் கொடி காட்டிக்கொண்டே போய் ஓய்வு பெற்றவர். அதனால் அவரை வண்டியில் ஏற்றுகிறேன் என்றதும் மற்ற இருவரும் முகம் சுளிக்கவில்லை. "பெரியவர் வந்தா வண்டி டைமுக்குப் போகும்" என்றான் ஒட்டகம்.

காரில் வழியெல்லாம் அப்பா உற்சாகமாகத்தான் இருந்தார். சாப்பிட்டதை மறந்து மறுபடி சாப்பாடு கேட்டார். ஜன்னல் வழியே தண்டவாளம் தெரிந்தபோதெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மா ஏன் வரவில்லை என்று கேட்டார். ஊரில் இருக்கிறாள் என்று சொன்னேன். அம்மா போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொல்லி ஒவ்வொரு தடவையும் அவரை அழவைக்க எனக்குத் தெம்பில்லை.

கோட்டை செங்குத்தான ஒரு மலையின் உச்சியில் இருந்தது. அடிவாரத்தில் கார் நிறுத்தும் திடல், டிக்கெட் கொடுக்கிற கட்டடம், அதன் பின்னால் கழிப்பறை. திடலின் மறுபக்கம் வரிசையாகக் கடைகள், கடைகளுக்கு அப்பால் நெடுஞ்சாலை. அப்பாவால் ஏற முடியாது என்பது பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒருவர் கீழே இருக்கலாம், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டோம். முதல் முறை ஒட்டகத்துக்கு.

"நீங்க போய்ட்டு வாங்கடா. எனக்கு மலையைப் பார்த்தாலே மூச்சு வாங்குது" என்று சீட்டைச் சாய்த்துக்கொண்டான். அப்பா பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மேலிருந்த பச்சைப் போர்வை கீழே நழுவிக் கிடந்தது. மேலே காற்று பலமாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். நான் அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

கோட்டையைக் கட்டினவன் மகா கெட்டிக்காரன். வாசலுக்குள் வாசலாக வைத்திருந்தான். ஒவ்வொரு வாசலைத் தாண்டியதும் பாதை சட்டென்று திரும்பும். நேராகப் போகிற மாதிரி காட்டிவிட்டு ஒரு சுவரில் கொண்டுபோய் முட்டவைக்கும். எதிரி எவ்வளவு பெரிய படையோடு வந்தாலும் இங்கே வேகமாக எதுவும் செய்ய முடியாது என்று சுவரில் மாட்டியிருந்த பலகை பெருமையாகச் சொன்னது. மாஸ்டர் அதை ரசித்து ரசித்துப் படித்தான். "பாத்தியா, இதுதான் பிளானிங். எங்க ஸ்டேஷன்ல வண்டி ஒதுங்கி நிக்க ஒரு லூப் லைன் போட எத்தனை வருஷமா கேக்கறேன்?" என்றான். குறுகலான படிகள் என்பதால் ஏறுவதற்கு ஒரு வழி, இறங்குவதற்கு வேறு வழி. மேல் வாசலில் உள்பக்கம் மட்டுமே சுழலும் இரும்புக் கதவு. அதற்குக் காவலாக ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

உச்சி மதிலுக்கு வந்ததும் உலகமே காலடியில் விரிந்தது. வயல்கள், ஏரி, சாலை, தூரத்தில் ஓர் ஊரின் கூரைகள். கொஞ்ச நேரம் எனக்கு எந்தக் கவலையும் இல்லை. அப்படி இருந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அக்காவுக்கு ஒரு போட்டோ அனுப்பி வயிறெரியவைக்கலாம் என்று போனை எடுத்தேன். திடலும் படத்தில் விழட்டும் என்று மதிலில் சாய்ந்து கீழே பார்த்தேன்.

எங்கள் காரின் பின்கதவு திறந்திருந்தது.

ஒட்டகத்தை முதலில் கண்டேன். அந்தக் கழுத்தை எவ்வளவு உயரத்திலிருந்தும் அடையாளம் கண்டுபிடிக்கலாம். டிக்கெட் கட்டடத்தின் பின்னால், கழிப்பறைக்கும் மரங்களுக்கும் நடுவே அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தான். அப்பா தூங்குகிறாரே என்று நம்பிக் கழிப்பறைக்குப் போய்விட்டுத் திரும்பியிருக்கிறான், காரில் ஆள் இல்லை. பிறகு அப்பாவைக் கண்டேன். திடலின் மறுகோடியில், கடைகளைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில், பஸ் நிற்கிற இடத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். இருவருக்கும் நடுவே அந்தக் கட்டடமும் கடைகளும். எங்களுக்கு இரண்டு பேருமே தெரிந்தார்கள், அவர்களில் ஒருவருக்கு மற்றவர் தெரியவில்லை.

ஒட்டகத்தைப் போனில் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் கை இரண்டையும் வீசிக்கொண்டு ஓடுகிறான், காதில் எதுவும் வைக்கவில்லை. "காருக்குள்ள சார்ஜ்ல போட்டிருந்தான்டா" என்றான் மாஸ்டர். இருவரும் கத்தினோம். காற்று எங்கள் குரலை எங்கள் முகத்திலேயே திருப்பி அறைந்தது. பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எங்களை விட்டுத் தள்ளி நின்றார்கள்.

தூரத்தில் ஒரு பஸ் வருவது தெரிந்தது. தோளிலிருந்த போர்வையை உருவினேன். மதில் மேல் ஏறி நின்று, என்னைப் பாருங்கள், நில்லுங்கள் என்று அதை விசிறு விசிறு என்று விசிறினேன்.

இருவருமே பார்த்தார்கள். அதுதான் கொடுமை.

ஒட்டகம் ஓடுவதை நிறுத்தினான். நிமிர்ந்து பார்த்தான். பிறகு ஒரு கையைத் தூக்கி நிதானமாக ஆட்டினான். நெஞ்சைத் தடவிக்கொண்டு, எதுவுமே நடக்காதவன் மாதிரி டீக்கடைப் பக்கம் நடந்தான். அந்தப் பக்கம் அப்பாவும் நிமிர்ந்து பார்த்தார். அவரும் ஒரு கையைத் தூக்கி ஆட்டினார், அதே நிதானம், அதே வீச்சு. பஸ் வந்து நின்றது.

"பச்சையை இறக்குடா! இறக்குடா பாவி!" மாஸ்டர் என் காலைப் பிடித்து இழுத்தான். "என்னடா காட்டிக்கிட்டு இருக்கே? ஆல்ரைட்டுனு காட்டறே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரயிலில் பச்சையை வீசினால் ஒரே அர்த்தம்தான்: எல்லாம் சரி, புறப்படு. டிரைவரும் கார்டும் தூக்கத்தில்கூட அதற்குப் பதில் கை காட்டுவார்கள். பெரியவர் எப்படியோ மேலே வந்துவிட்டார், எல்லாம் சரி என்று ஒட்டகம் புரிந்துகொண்டான். அப்பாவுக்கு வேறு விளக்கமே தேவைப்படவில்லை. பெட்டிக்கு அடியில் படுத்தே காலத்தை ஓட்டிய நான் யாருக்கும் கொடி காட்டியதில்லை. முதல் தடவையாகக் காட்டினேன், என் அப்பாவுக்கே வழியனுப்புக் கொடி.

மாஸ்டர் மதிலில் ஏறி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றான். கையில் கொடி இல்லாவிட்டால் வண்டியை நிறுத்துவதற்கு அதுதான் சைகை. அப்பா பார்த்திருந்தால் நின்றிருப்பார், சந்தேகமில்லை. ஆனால் அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிப் படியேறிக்கொண்டிருந்தார். பஸ் புறப்பட்டது.

ஏறி வந்த வழிக்கே ஓடினோம். இரும்புக் கதவு எங்கள் பக்கம் அசையவில்லை.

"இது ஏறுற வழி சார். இறங்குறது அந்தப் பக்கம்" என்றார் காவலர்.

"எங்கப்பா கீழே பஸ்ல ஏறிப் போய்ட்டார். அவருக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. கதவைத் திறங்க!"

"நானும் அப்பா அம்மாவுக்குப் பொறந்தவன்தான் சார். இது அந்தப் பக்கம் சுத்தவே சுத்தாது. நீங்க பாக்கறீங்கல்ல?" அவர் தன் உடம்பால் முட்டித் தள்ளிக் காட்டினார். கல்லாக நின்றது. கம்பிகளுக்கு அந்தப் பக்கம் மேலே வருகிற கூட்டம் படி நிறைய நின்று எங்களை வேடிக்கை பார்த்தது. நல்ல மனிதர், வாக்கிடாக்கியை எடுத்துக் கீழே டிக்கெட் கட்டடத்துக்குச் சொன்னார். பதில் வரும் வரை நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இங்க அவங்க ஃப்ரெண்டு ஒருத்தர் டீ குடிச்சுக்கிட்டு இருக்கார்" என்றது வாக்கிடாக்கி. "பெரியவர் மேலதான் இருக்காராம். மேலேர்ந்து சிக்னல் குடுத்துட்டாங்கனு சொல்றார்."

நான் அந்தப் பெட்டியைப் பிடுங்கி, இல்லை இல்லை என்று கத்தினேன். கரகரவென்று இரைந்தது, அவ்வளவுதான்.

இறங்குகிற வழி மலையின் பின்பக்கமாகச் சுற்றிச் சுற்றிப் போனது. வழி நெடுக மதிலில் அம்பு விடுகிற சின்னச் சின்னத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் சாலையில் ஒரு துண்டு தெரிந்தது. ஒன்றில் பஸ் ஏரிக்கரையில் போனது. ஒன்றில் வெறும் சாலை. இன்னொன்றில், சாலை கவைபோல் பிரிகிற இடத்தில் பஸ் இடதுபக்கம் திரும்பியது. அதற்கு அடுத்த துளையில் அது ஒரு நீலப் பொட்டு. பார்க்காமல் ஓடலாம்தான், ஆனால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரிய வேண்டுமே. ஓடுவதும், நின்று கண்ணை வைப்பதும், மறுபடி ஓடுவதுமாக இறங்கினேன். அம்பு விடுகிறவர்களுக்காவது கையில் அம்பு இருந்தது.

மாஸ்டர் ஓடிக்கொண்டே போலீசுக்குப் பேசினான். "பஸ் நம்பரா? மேலேர்ந்து கூரைதான் சார் தெரிஞ்சுது. நீலக் கூரை... எந்த ஊர் பஸ்ஸுன்னு எப்படி சார் தெரியும்?... கையில அடையாளமா? இல்ல சார், அட்ரஸ் எதுவும் இல்ல." கடைசி வாக்கியத்தை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். அக்கா கொடுத்த பட்டை அவள் வீட்டு மேசையில் கிடந்தது. எனக்கு யாராவது ஓங்கி ஓர் அறை விட்டால் தேவலை போலிருந்தது.

பாதை மலைக்கு மறுபுறத்தில் கொண்டுபோய் விட்டது. அங்கிருந்து அடிவாரத்தைச் சுற்றித் திடலுக்கு ஓடிவர வேண்டியிருந்தது. ஒட்டகம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எங்களைக் கண்டதும் சிரித்தபடியே எழுந்தான்.

"உயிர் போய் உயிர் வந்துச்சுடா! எப்படிடா ஏறினார் அவர், இந்த வயசுல? அப்பா எங்கே?"

அவன் என் முகத்தைப் பார்த்தான், பிறகு என் கையிலிருந்த போர்வையைப் பார்த்தான். "ஐயோ" என்றான். அதற்கப்புறம் காரை எடுத்தவன் வழி முழுக்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினான். அவனைத் திட்டலாம் என்று வாய் துடித்தது. எந்த முகத்தோடு திட்டுவது?

கவையில் இடதுபக்கம் திரும்பி, அந்தச் சாலை போய்ச் சேர்ந்த ஊரின் பஸ் நிலையத்துக்குப் போனோம். நீலக் கூரை பஸ் காலியாக நின்றது. கண்டக்டர் இருக்கைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"பெரியவரா? ஆமா, கடைசி சீட்லதான் உக்காருவேன்னு அடம் பிடிச்சார். வழியில ஒவ்வொரு ஸ்டாப்லயும் ஜன்னலுக்கு வெளியில கையை நீட்டி ஆட்டிக்கிட்டே வந்தார். நல்ல தமாஷான மனுஷன். ரயில்வே ஸ்டேஷன்ல இறங்கிட்டாரே."

ஸ்டேஷனுக்குள் நான் எப்படிப் போனேன் என்று நினைவில்லை. பிளாட்பாரத்தின் கடைசியில் ஒரு பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சீருடை போட்ட ஒரு பெண்மணி, அங்கே வண்டிகளுக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ் பார்க்கிறவர், அப்பாவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் முழங்கை சிராய்த்திருந்தது, ஒரு காலில் செருப்பு இல்லை.

"நீங்கதான் பையனா?" அந்தப் பெண்மணி பிடித்த கையை விடாமலே கேட்டார். "கூட்ஸ் வண்டி கிளம்பிக்கிட்டு இருக்கு, இவர் கடைசிப் பெட்டிக் கம்பியைப் பிடிச்சு ஏறப் பாக்கறார். ஒரு கால் மேல, ஒரு கால் அந்தரத்துல. நான் ஓடிப்போய் இழுத்துட்டேன். நான் மட்டும் பாக்கலைன்னா... யாருக்குப் போன் பண்றதுன்னும் தெரியல. கேட்டா, என் வண்டி போகுது விடுங்கனு அழுறார். வயசானவரை இப்படித் தனியா விடலாமா சார்?"

விடக்கூடாதுதான். தலையை ஆட்டினேன்.

அப்பா என்னைப் பார்த்து முகம் மலர்ந்தார். "நீ பச்சை காட்டினதும் கிளம்பிட்டேன்" என்றார். "ஒரு நிமிஷம்கூட லேட் பண்ணல. இந்தம்மாதான் வண்டியை விட வச்சுட்டாங்க." புகார் சொல்கிற குரல். நான் அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, அவருடைய வெறுங்காலை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதேன். அவர் சங்கடப்பட்டு, எல்லோரும் பார்க்கிறார்கள் எழுந்திரு என்றார்.

திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அப்பாவும் நானும் பின்சீட்டில். நான் அவர் கையை விடவில்லை. விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துவிட்டது, விடாமல் எத்தனை நாள் பிடித்திருப்பேன் என்பதும் தெரிந்துவிட்டது. பணிமனையில் என் இரண்டு கையும் பிரேக்கில் இருக்கும். நான் தூங்குவேன், கழிப்பறைக்குப் போவேன், ஒருநாள் மலையுச்சியில் நின்று கொஞ்ச நேரம் கவலை இல்லாமல் இருக்க ஆசைப்படுவேன். இதில் எதையுமே என்னால் செய்யாமல் இருக்க முடியாது. கார் சிக்னலில் நின்றபோது போனை எடுத்தேன்.

"என்னடா, ராஜா எப்படி இருக்கார்?" என்றாள் அக்கா. குரலில் கேலி இருந்தது.

"அக்கா, அந்த ரூம் இன்னும் காலியாத்தானே இருக்கு?"

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. பக்கத்துலதான் இருக்கார், நல்லா இருக்கார். என்னால முடியலக்கா."

அப்போதே சொன்னேனே என்பாள், அந்தப் பட்டையை ஏன் கட்டவில்லை என்று கிழிப்பாள் என்று காத்திருந்தேன். கிழித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அழ ஆரம்பித்தாள். சின்ன வயதில் அழுவதுபோல, மூச்சை இழுத்து இழுத்து.

"நீ எப்படியும் விடமாட்டேன்னு நினைச்சேன்டா. அந்தத் தைரியத்துலதான் நான் அவ்வளவு பேசினேன். இப்ப நீயும் சரின்னு சொல்லிட்டா, வேண்டாம்னு சொல்ல வேற யாருடா இருக்கா?"

முன்சீட்டில் இருவரும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுகைச் சத்தம் காருக்குள் கேட்டது. அப்பா என் பக்கம் திரும்பினார்.

"யாரு? நம்ம பொண்ணா? ஏன் அழுறா?"

நான் ஒன்றும் சொல்வதற்குள் போனை என் கையிலிருந்து வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.

"என்னம்மா? யாரு உன்னைத் திட்டினா? அழாதே. அப்பா இருக்கேன்ல? கண்ணைத் தொடச்சுக்கோ. வண்டி கிளம்பிடுச்சு, இப்ப வந்துடுவேன்."

மறுமுனையில் அழுகை நின்றது. மிகச் சின்னக் குரலில், "சரிப்பா" என்று கேட்டது.

அப்பா போனை என்னிடம் கொடுத்தார்.

"குழந்தை எதுக்கோ பயந்துபோயிருக்கா" என்றார். "நேரா அவகிட்டயே போகச் சொல்லு. நான் ராத்திரி அவ பக்கத்துலயே இருந்துக்கறேன்."